செப்டம்பர் 2-க்கு முன்னும் பின்னும்

அம்மாவுக்கு மறதிநோய் என்று உறுதியான பிறகு எங்களைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர், சற்று நேரம் பேசிவிட்டு, ஏதோ ஒரு கட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அம்மா முன்பெல்லாம் ஏதாவது படிப்பார்களா?" சிலர் அதையே வேறு வகையில் கேட்டார்கள். நாலு பேருடன் பேசிப் பழகுவார்களா, நடக்கும் வழக்கம் உண்டா, தனியாகவே இருந்துவிட்டார்களா என்றெல்லாம் விசாரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தங்களுக்கு இது வராது என்ற உறுதியை எங்கள் பதிலில் தேடினார்கள் என்று இப்போது புரிகிறது. ஆனால் அந்தக் கேள்வி என் காதில் வேறு விதமாகவே விழுந்தது. அம்மா எதைச் செய்யாமல் விட்டார், அம்மாவுக்கு நீ எதைச் செய்யாமல் விட்டாய் என்றுதான் ஒவ்வொரு முறையும் கேட்டது.

அறிவியல் அடிப்படை இல்லாத கேள்வி என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. மறதிநோய் பற்றி லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு, 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, உடலியக்கமின்மை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்று அது நீள்கிறது. இவை அனைத்தையும் நீக்க முடிந்தால் உலகில் வரும் மறதிநோய்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியலை ஓர் இரவு பென்சிலுடன் உட்கார்ந்து படித்தேன். அம்மாவுக்குப் பொருந்துபவற்றின் எதிரே குறியிட்டுக்கொண்டே வந்தபோது, செவித்திறன் என்ற இடத்தில் கை நின்றது. நோய் தெரிவதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. வயதானால் அப்படித்தான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். கொஞ்சம் உரக்கப் பேசினோம், அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. அந்தக் குறியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

45 விழுக்காடு என்பது மக்கள்தொகைக்கான எண், ஒரு தனி மனிதரின் நோயைப் பிரித்து இவ்வளவு பங்கு இதனால், இவ்வளவு பங்கு அதனால் என்று கூறுபோட அது உதவாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் குற்றவுணர்வு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே பல மாதங்கள் நின்றது.

விலாவில் ஒரு பட்டை

நோய் தெரிவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவுக்கு அக்கி வந்தது. முதுகின் இடப்பக்கம் தொடங்கி, விலா வழியாக வளைந்து, மார்புக்கூட்டின் நடுவில் வந்து, கோடு கிழித்தாற்போல் நின்றுபோன சிவந்த பட்டை. அதன்மேல் நீர் கோத்த சிறு கொப்புளங்கள். கொப்புளங்கள் வருவதற்கு மூன்று நாட்கள் முன்பே வலி தொடங்கிவிட்டது. "காய்ச்சின கம்பியை விலாவைச் சுற்றிக் கட்டின மாதிரி இருக்கிறது" என்று அம்மா சொன்னார். மூன்று வாரங்களில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி மட்டும் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. துணி உரசினாலே முகம் சுளிப்பார். பிறகு அதுவும் அடங்கியது. நாங்கள் அந்த நிகழ்வை மறந்தோம்.

அக்கி வெளியிலிருந்து புதிதாக வந்து தொற்றுவதில்லை. சிறு வயதில் வந்துபோன சின்னம்மையின் அதே வைரஸ், வேரிசெல்லா ஸோஸ்டர், உடலை விட்டு ஒருபோதும் போவதில்லை. தண்டுவடத்தின் அருகிலும் மண்டையோட்டின் அடியிலும் உள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் அது பல பத்தாண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் தளரும்போது விழித்தெழுந்து, தான் குடியிருந்த நரம்பு எந்தப் பகுதித் தோலுக்குச் செல்கிறதோ அந்தப் பகுதிக்கு இறங்கி வருகிறது. அம்மாவின் விலாவில் இருந்த பட்டை அப்படியே ஒரு நரம்பின் வரைபடம். இதை முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிறு நகரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வகம் எதுவும் அவரிடம் இல்லை. தம்மிடம் வந்த நோயாளிகளின் குறிப்புகளைப் பதினாறு ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்து, வயது ஏற ஏற அக்கி பெருகுவதைக் கணக்கிட்டு, 1965-இல் அதை வெளியிட்டார். அடங்கிக் கிடக்கும் வைரஸை உடல் வாழ்நாள் முழுவதும் காவல் காக்கிறது, காவல் தளரும்போது அது வெளியேறுகிறது என்ற அவருடைய கருத்து பிற்காலத்தில் உறுதியானது. ஒரே ஊரில் இருந்துகொண்டு, வந்தவர்களைக் கவனித்தே இவ்வளவு தூரம் எட்டிய அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

அக்கிக்கும் மறதிநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற செய்திகள் சில ஆண்டுகளாகவே வந்துகொண்டிருந்தன. அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் மறதிநோய் குறைவாகக் காணப்படுகிறது என்று மருத்துவப் பதிவுகளை வைத்துச் சொன்ன ஆய்வுகள் அவை. அவற்றை நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. தானாகப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்பவர் மற்றவர்களைப் போன்றவர் அல்லர். அவர் ரத்த அழுத்தத்தைச் சரிபார்த்துக்கொள்பவர், மாத்திரையைத் தவறாமல் எடுப்பவர், நடப்பவர், ஒருவேளை அதிகம் படித்தவரும்கூட. அதோடு, நினைவு தடுமாறத் தொடங்கிவிட்ட ஒருவர் ஊசி போடப் போவதையே மறந்துவிடக்கூடும். இந்த நிலையில் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால், தெரியும் வேறுபாடு ஊசியால் வந்ததா, அந்த மனிதர்களின் வாழ்க்கையால் வந்ததா என்று பிரிக்க முடியாது. "முன்பெல்லாம் படிப்பார்களா" என்ற கேள்வியின் இன்னொரு வடிவமாகவே அந்த ஆய்வுகளும் எனக்குத் தோன்றின.

வேல்ஸில் விழுந்த கோடு

2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்த கட்டுரையைப் படித்தபோதுதான் அந்த நம்பிக்கையின்மை உடைந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்ஸர் தலைமையிலான குழு செய்த ஆய்வு அது. வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பர் 1 அன்று அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஊசியின் பலன் குறைவு என்ற கணக்கில், அவர்களுக்குத் திட்டத்தில் இடம் தரப்படவில்லை. ஆகவே 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குக் குறைந்தது ஓராண்டு காலம் ஊசி போட்டுக்கொள்ளும் தகுதி கிடைத்தது. அதற்கு முந்தைய நாள் பிறந்தவருக்கு அந்தத் தகுதி வாழ்நாள் முழுவதும் கிடைக்கவில்லை.

இந்தக் கோட்டின் அருமையை உணர எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. 1933 ஆகஸ்டின் கடைசி வாரத்தில் பிறந்த ஆயிரம் பேரையும் செப்டம்பர் முதல் வாரத்தில் பிறந்த ஆயிரம் பேரையும் எடுத்துக்கொண்டால், அவர்களுக்குள் என்ன வேறுபாடு இருக்க முடியும்? ஒரே போரைச் சிறுவர்களாகக் கண்டவர்கள், ஒரே வகைப் பள்ளிகளில் படித்தவர்கள், ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள். படிக்கும் பழக்கம் உள்ளவர்களும் இல்லாதவர்களும், தனித்திருப்பவர்களும் கூட்டத்தில் இருப்பவர்களும், காது மந்தமானவர்களும் இரு பக்கமும் சம அளவில் பரவியிருப்பார்கள். ஆனால் கோட்டுக்கு ஒரு வாரம் முன்பு பிறந்தவர்களில் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் 0.01 விழுக்காடு. ஒரு வாரம் பின்பு பிறந்தவர்களில் அது 47.2 விழுக்காடு. போலி மருந்து கொடுத்து, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்தும் சோதனைக்கு மிக அருகில் வரும் ஒன்றை, ஓர் அரசாணையின் தேதி எந்த நோக்கமும் இல்லாமல் செய்து வைத்திருந்தது.

அவர்கள் 2,82,541 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்து ஏழாண்டுக் காலத்துக்குப் பின்தொடர்ந்தார்கள். பிறந்த வாரத்தின்படி புள்ளிகளை வரிசையாக வைத்தால், மறதிநோய் கண்டறியப்பட்டோரின் விகிதம் வயதுக்கேற்பச் சீராக நகர்ந்து வந்து, அந்த ஒரு கோட்டில் மட்டும் படி இறங்குகிறது. தகுதி பெற்ற எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, தடுப்பூசி மறதிநோயின் வாய்ப்பை ஏழாண்டுகளில் 3.5 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைத்திருந்தது. இருந்த வாய்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு அது. அதே கோட்டில் மற்ற நோய்களிலும் இப்படிப் படி இறங்குகிறதா என்று தேடிப் பார்த்தார்கள், இறங்கவில்லை. கல்வியில் வேறுபாடு உண்டா, மற்றத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதில் வேறுபாடு உண்டா என்று பார்த்தார்கள், அவையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1936 நவம்பர் 2 என்ற வேறொரு தேதியில் இதே போன்ற கோடு இருந்தது. அங்கும் அதே திசையில்தான் விடை வந்தது.

அந்த வரைபடத்தின் முன் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். புதிய மருந்து ஒன்று கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் அல்ல. கோட்டின் ஒரு பக்கம் இருந்தவர்கள் அதிகமாக நோயுற்றார்கள், ஆனால் அவர்கள் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. சோம்பேறிகளாக இருந்ததாலோ, புத்தகம் தொடாததாலோ, பிள்ளைகள் கவனிக்காததாலோ அந்தக் கூடுதல் நோய் அவர்களுக்கு வரவில்லை. சில நாட்கள் முன்னதாகப் பிறந்திருந்தார்கள், அவ்வளவே. அம்மாவின் நோயைப் பற்றி அதுவரை படித்த எல்லாவற்றிலும் யாரோ ஒருவருடைய பொறுப்பு எங்கோ ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குற்றம் சாட்ட யாருமே இல்லாத ஓர் எண்ணை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பட்டியலில் உள்ள 14 காரணிகளும் பொய்யாகிவிடவில்லை. காதுக்குக் கருவி வாங்காததும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அந்த நோய்க்குள் மனிதர்களின் குணத்தோடும் கடமையோடும் சம்பந்தப்படாத ஒரு பெரிய இடம் இருக்கிறது என்பதை, அதுவரை எவ்வளவோ பேர் ஆறுதலாகச் சொல்லியும் ஏற்காத மனம், ஒரு தேதிக்கோட்டைக் கண்டு ஏற்றுக்கொண்டது.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அக்கிக்கான முதல் தடுப்பூசி 2006-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. அம்மாவின் விலாவில் அந்தப் பட்டை வந்தபோது உலகில் அந்த ஊசி இருந்தது. அப்படியானால் நாங்கள் போட்டிருக்கலாமே என்ற புதிய எண்ணம் பழைய குறியின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. தங்கையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, போன வருஷம் வரைக்கும் காது. இப்போது ஊசி. அடுத்த வருஷம் வேறொன்று கண்டுபிடித்தால் அதுவா?" என்று கேட்டாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

அன்று இரவு அந்த எண்ணையே மறுபடி எடுத்துக் கணக்குப் போட்டேன். 3.5 புள்ளிகள்தான் ஐந்தில் ஒரு பங்கு என்றால், ஊசி போடாத நூறு பேரில் பதினேழு அல்லது பதினெட்டுப் பேருக்கு அந்த ஏழாண்டுகளில் மறதிநோய் கண்டறியப்பட்டிருக்கும். போட்டவர்களில் பதினான்கு பேருக்கு. ஊசி போட்டுக்கொண்ட நூறு பேரில் தொண்ணூற்றாறு பேரின் நிலையை இந்த விஷயத்தில் ஊசி மாற்றவில்லை. அவர்களில் பலருக்கு நோய் எப்படியும் வந்திருக்காது, சிலருக்கு எப்படியும் வந்தது. காப்பாற்றப்பட்ட மூன்று நான்கு பேர் யார் என்று அவர்களுக்கே தெரியாது, ஆய்வு செய்தவர்களுக்கும் தெரியாது. கோடிக்கணக்கான முதியவர்கள் உள்ள உலகுக்கு இது மிகப் பெரிய எண். 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்து, மறதிநோயின் மிகப் பரவலான வகையான ஆல்சைமருக்கானது, நோய் வந்த பிறகு அதன் வேகத்தைப் பதினெட்டு மாதங்களில் 27 விழுக்காடு மட்டுப்படுத்தியதையே பெரும் முன்னேற்றம் என்கிறோம். ஆனால் என் அம்மா அந்த மூன்று நான்கு பேரில் ஒருவராக இருந்திருப்பாரா என்ற கேள்விக்கு அந்தக் கட்டுரையின் எந்தப் பக்கத்திலும் விடை இல்லை.

ஏன் என்பது இன்னும் திறந்தே இருக்கிறது

ஊசி எப்படி மறதியைத் தடுக்கிறது என்பதில் இரண்டு எண்ணங்கள் போட்டியிடுகின்றன. முதலாவது, அடங்கிக் கிடக்கும் வைரஸ் அவ்வப்போது தலைதூக்கும்போது நரம்பு மண்டலத்திலும் ரத்தக் குழாய்களிலும் அழற்சியை உண்டாக்குகிறது, ஊசி அந்தத் தலைதூக்கலைத் தடுக்கிறது என்பது. இதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரூத் இட்ஸாக்கி, ஹெர்ப்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸின் தடயத்தை முதியோரின் மூளையில் கண்டதாக 1991-இல் எழுதியபோது அதைப் பொருட்படுத்தியவர்கள் சிலரே. 2010-இல் ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்ஸியும், ஆல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு-பீட்டா என்ற புரதத்துக்கு நுண்ணுயிர்களைக் கொல்லும் தன்மை உண்டு என்று காட்டினார்கள். நாம் நோயின் குப்பை என்று நினைத்தது உடல் எழுப்பிய தற்காப்பாகவும் இருக்கலாம் என்ற அந்த எண்ணம் என்னை மிகவும் ஈர்த்தது. ஈர்த்ததாலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால், தொடக்கநிலை ஆல்சைமர் நோயாளிகள் 120 பேருக்கு ஹெர்ப்பிஸ் எதிர்ப்பு மருந்தான வாலாசைக்ளோவிரை 78 வாரங்கள் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2025-இல் வந்தது. மருந்து பயன் தரவில்லை. நோய் தொடங்கிய பிறகு வைரஸை ஒடுக்குவது காலம் கடந்த செயலாக இருக்கலாம். அல்லது அந்த வைரஸைப் பற்றிய எண்ணமே தவறாக இருக்கலாம்.

இரண்டாவது எண்ணம், ஊசி குறிப்பிட்ட வைரஸைத் தாண்டி நோய் எதிர்ப்பு மண்டலத்தையே பொதுவாக மாற்றியமைக்கிறது என்பது. வேல்ஸில் பலன் ஆண்களைவிடப் பெண்களிடம் மிகத் தெளிவாகத் தெரிந்ததை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள், தடுப்பூசிகளுக்கு ஆண் பெண் உடல்கள் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை என்பதால். வேல்ஸில் போடப்பட்டது உயிருள்ள வைரஸை நலிவாக்கிச் செய்த பழைய ஊசி. அமெரிக்காவில் 2020-க்குப் பிறகு அது விற்பனையில் இல்லை. இப்போது உள்ளது வைரஸின் ஒரே ஒரு புரதத்தையும் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளையும் கொண்ட, இரண்டு தவணையாகப் போடும் ஊசி. இந்தப் புதிய ஊசி போட்டவர்களைப் பழையது போட்டவர்களோடு ஒப்பிட்ட ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று 2024-இல் வந்தது. பிற்காலத்தில் நோய்க்கு ஆளானவர்களிடம், நோயின்றி வாழ்ந்த காலம் சராசரியாக 164 நாட்கள் கூடியிருந்தது. 164 நாட்கள் என்பதை ஐந்து மாதம் என்று மனத்துக்குள் மாற்றிப் பார்த்தேன். அம்மா என் பெயரைச் சொல்லி அழைத்த கடைசி ஐந்து மாதங்கள் எவை என்று யோசித்தேன். சராசரிகளுக்கும் எங்களுக்கும் இருந்த தூரம் அந்த ஒரு கணத்தில் மட்டும் இல்லாமல் போனது.

ஐம்பதைத் தாண்டிய எனக்கு அந்த ஊசியைப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்ததில் சிக்கல் எதுவும் இல்லை. அக்கியைத் தடுப்பதற்காகவே அது போடப்படுகிறது. அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது என்பது பெரிய சோதனைகளில் காட்டப்பட்ட உண்மை. மறதியைத் தள்ளிப்போட்டால் அது கூடுதல். சிக்கல் அம்மாவைப் பற்றியது. அவருக்கும் போடலாமா என்று நான் கேட்டபோது தங்கை உடனே மறுத்தாள். "எதற்கு என்று புரியாத வலியை அம்மாவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? போன நினைவு ஊசியால் திரும்பி வரப்போகிறதா?" அவள் சொன்னது சரி. நான் ஊசி போட விரும்பியது அம்மாவுக்காக அல்ல, அன்று விட்டதை இன்று செய்துவிட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக என்பது அப்போது எனக்கே தெரிந்தது. நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அதை மீண்டும் எடுத்தவர் அம்மாவைப் பார்த்துவரும் மருத்துவர். நினைவைப் பற்றி எந்த எதிர்பார்ப்பும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு, முன்பு அக்கி வந்தவர்களுக்கும் அது மீண்டும் வரலாம் என்றார். "போன முறை உங்கள் அம்மா வலியை எப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்டார். காய்ச்சின கம்பி என்று தங்கைதான் சொன்னாள். "இந்த முறை வந்தால் சொல்ல மாட்டார்கள். சாப்பிட மறுப்பார்கள், தூங்க மாட்டார்கள், உங்களைப் பிடித்துத் தள்ளுவார்கள். கொப்புளம் கண்ணில் படும்வரை மறதி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்" என்றார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆய்வுகளைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நாளில், ஒரே மணிநேரத்தில் முதல் தவணை போட்டார்கள். இருவருக்கும் இடக்கை. மறுநாள் காலையில் அம்மா கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கேட்டதற்கு எதுவும் சொல்லாமல், மேற்சட்டையை மாற்ற விடாமல் திரும்பித் திரும்பிக்கொண்டார். தோளிலிருந்து மூன்று விரல் கீழே, வெளிப்பக்கமாக, எனக்கும் தொட முடியாதபடி வலித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தைத் தொடாமல், முதலில் வலக்கையைக் கழற்றி, துணியைத் தளர்த்தி, இடப்பக்கத்தை மெதுவாக இறக்கினேன். அம்மா விட்டார்.